ஓர்விக்கின் முதல் விளக்கு

நாற்பத்தொரு மணி நேரம் அடித்துவிட்டுப் பனிப்புயல் ஓய்ந்தது. அதன் பிறகுதான் அப்பாவைத் தேடிப் போனார்கள்.

ஊருக்குத் தெற்கே சாலையோரப் பள்ளத்தில் அவருடைய பிக்கப் வண்டி சாய்ந்து நின்றது. சாவி அதிலேயே இருந்தது. டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. பின் இருக்கையில் கம்பளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட் டப்பா எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்பா அங்கே இல்லை. சாலைக்கு மேற்கே, அறுவடை முடிந்த வயலில், குப்புறக் கிடந்தார். காற்றில்லாத நாளில் அங்கிருந்து கூப்பிட்டால் எங்கள் வீட்டில் கேட்கும்.

"குடிச்சிருப்பான்" என்றது ஊர்.

ஓர்விக்கில் ஊர் என்றால் பதினெட்டுப் பேர். அப்பாவைச் சேர்த்தால் பத்தொன்பது. ஊர் எல்லையில் நிற்கும் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. சாலை திறந்து நான் சாஸ்கடூன் நகரிலிருந்து வந்து சேர்ந்த அன்று, கடைசி எண்ணை வெள்ளையடித்து மறைத்து, மேலே எட்டு என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குளிரில் பெயின்ட் காயாது. யாரோ நெருப்புக் காட்டிக் காயவைக்கப் பார்த்ததில் ஓரம் கருகியிருந்தது.

நிலம் இறுகிக் கிடந்ததால் அப்பாவைப் புதைக்க முடியவில்லை. மே மாதம் மண் இளகும்வரை பக்கத்து டவுனில் குளிர் அறையில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பலகைக்குத்தான் அவசரம்.

அப்பாவின் பெயர் எஸ்கில். ஒரு காலத்தில் அவர் குடித்தது உண்மைதான். அம்மா இறந்த பிறகு இரண்டு குளிர்காலம் அப்படிப் போயிற்று. பிறகு நிறுத்திவிட்டார். ஒன்பது வருடமாகத் தொடவில்லை. ஊருக்கு அந்த ஒன்பது வருடம் நினைவில் இல்லை. முந்தைய இரண்டு குளிர்காலம் மட்டும் நேற்று நடந்ததுபோல் நினைவில் இருந்தது.

போலீஸ்காரர் அப்பாவின் தொப்பியையும் ஒரு விஸ்கி பாட்டிலையும் என்னிடம் கொடுத்தார். பாட்டில் வண்டியில் இருந்ததாம். மூடி திறக்காத பாட்டில். அது அப்பாவின் நண்பர் ஓரெஸ்ட் மாமாவுக்கு. அவர்கள் கோயிலின் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அதற்கு முந்தைய இரவு விருந்துக்கு அப்பா வருடம் தவறாமல் போவார், ஒரு பாட்டில் கொண்டுபோவார், தான் தேநீர் குடிப்பார். எங்கள் கிறிஸ்துமஸுக்கு என்னோடு சாஸ்கடூனில் இருந்தவர், ஆறாம் தேதி மத்தியானம் புறப்பட்டதே அந்த விருந்துக்காகத்தான்.

பாட்டிலைக் கொண்டுபோய் ஓரெஸ்ட் மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. அவர் மனைவி ஸீனியாதான் வாங்கினாள்.

"வராத ஆளுக்குன்னு ஒரு தட்டு வைப்போம்ல, அந்தத் தட்டைத்தான் அவனுக்கு வச்சிருந்தோம். விடியிறவரைக்கும் எடுக்கல" என்றாள்.

"அவர் கிளம்பினதும் போன் பண்ணேன், அத்தை. நீங்கதான் எடுத்தீங்க."

"ஆமா. இவரு வெளிய போயிருந்தாரு. வந்ததும் சொன்னேன்."

ஓரெஸ்ட் மாமா அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுப்பு நிறைய விறகு இருந்தது.

இரண்டு வாரம் கழித்து டவுனிலிருந்து டாக்டர் போன் செய்தார். அப்பாவின் ரத்தத்தில் மது துளிகூட இல்லை. நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவர் பொறுமையாக இல்லை என்றார்.

எங்கள் பக்கத்தில் வண்டி பனியில் மாட்டிக்கொண்டால் இறங்கக் கூடாது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். வண்டிக்குள் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யாராவது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கலாம் என்பதற்கு ஒரே ஒரு விலக்குதான் உண்டு. கண்ணுக்கு விளக்கு தெரிய வேண்டும். விளக்கு இருந்தால் வீடு, வீட்டில் ஆள், ஆள் இருந்தால் அடுப்பு. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா.

அவர் குடிக்கவில்லை. ஆனால் இறங்கியிருக்கிறார். என்னால் இந்த இரண்டையும் ஒன்றாக வைக்க முடியவில்லை.

வார நாட்களில் சாஸ்கடூனில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சனிக்கிழமைகளில் வீட்டை ஒழிக்க ஓர்விக்குக்கு வந்தேன். காலை பத்து மணிக்கு ஊர் முழுவதும் கர்லிங் கூடத்தின் மாடியில் காப்பிக்குக் கூடும். கீழே ஐஸ். அதன் மேல் கருங்கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். எங்களுக்கு வேறு விளையாட்டு இல்லை, கோயிலையும் மூடிவிட்டார்கள். மாடியில் நீளமான மேசை, கண்ணாடிச் சுவர், காப்பிப் பானை. பகடை உருட்டித் தோற்றவர் எல்லார் கோப்பையையும் கழுவ வேண்டும்.

டாக்டர் சொன்னதை அங்கே சொல்ல வேண்டும் என்று போனேன். நான்கு பேருக்கு மேல் இருந்தால் எனக்குக் குரல் எழும்பாது. இருந்தாலும் சொன்னேன்.

லோர்ன் பகடையை உருட்டுவதை நிறுத்தினார். அவர்தான் ஊர்த் தலைவர். தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்பதில்லை. நின்றால் ஓட்டு எண்ணுவதற்கு ஆள் இருக்காது என்று அவரே சொல்வார்.

"இதெல்லாம் மைனஸ் இருபது மைனஸ் முப்பது குளிர்ல சரியா காட்டாது, சிக்னே."

"காட்டும்" என்றேன்.

"என்னம்மா?"

"காட்டும். குளிர்ல மது எங்கயும் போகாது."

"படிச்ச பொண்ணு சொல்லுது, கேட்டுக்கோங்கப்பா" என்றார் லோர்ன். யாரோ சிரித்தார்கள். "உங்கப்பன் எனக்கும் கூட்டாளிதான். தப்பா எடுத்துக்காத. பழைய பழக்கம், ராத்திரி நேரம், தனியா வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கான்."

"பாட்டில் திறக்கவே இல்ல."

"அந்தப் பாட்டில் திறக்கல" என்றாள் எங்கள் எதிர்வீட்டு ஆர்டித்.

ஓரெஸ்ட் மாமா கர்லிங் கூடத்தின் ஐஸைப் பார்த்துக்கொள்பவர். ஆட்டத்துக்கு முன் முதுகில் தண்ணீர் டப்பாவைக் கட்டிக்கொண்டு, சீரான துளியாகத் தெளித்துக்கொண்டே பின்னால் நடப்பார். அந்தத் துளிகள் உறைந்தால்தான் கல் ஓடும். அன்று ஆட்டம் இல்லை. எழுந்து கீழே போய்த் தெளிக்க ஆரம்பித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதுகு மட்டும் தெரிந்தது.

கோப்பைகளை நான்தான் கழுவினேன். பகடையில் தோற்றவர் ஆர்டித். ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

மற்றவர்கள் போன பிறகு லோர்ன் வந்து பக்கத்தில் நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பத்து வீட்டுல ஆள் இருந்தாதான் இது ஊரு. ஒன்பதுன்னா பக்கத்து வட்டாரத்தோட சேத்துருவான். அப்புறம் பனி தள்ற வண்டி வராது. தெருவிளக்கு கிடையாது. இந்த ஐஸுக்குக் கரன்ட் கிடையாது. மார்ச் கடைசியில கவர்மென்ட் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வீடு எண்ண வர்றாரு. உங்கப்பன் வீடு பத்தாவது. நீ இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"நான் சாஸ்கடூன்ல இருக்கேன்."

"சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேல்ல?"

நான் மனதுக்குள் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் எட்டைத் தாண்டவில்லை, அதுவும் எங்கள் வீட்டைச் சேர்த்து.

"பத்து எங்க இருக்கு, மாமா?"

"ஆஸ்ட்ரிட் முதியோர் இல்லத்துலதான் இருக்கா, ஒத்துக்கறேன். ஆனா அவ கட்டில் இங்கதான இருக்கு? ஹால்வர்சன் பேரன் கோடையில மீன் பிடிக்க வர்றான். வந்தா படுக்கறது எங்க? அவங்க தாத்தா வீட்டுல. நியாயமா எண்ணினா பத்து."

"வர்றவரு வீடு வீடாப் பாக்க மாட்டாரா?"

"பாப்பாரு. பாத்தா பாத்துக்கலாம்" என்றார் லோர்ன். "போன தடவை எல்லாம் ஏற்பாடு பண்ணிதான் வச்சிருந்தோம். அவரு வரல. அது கிடக்கட்டும்."

இரண்டு சனிக்கிழமை கழித்துப் பதில் சொன்னேன். "என் பேரைக் கொடுக்கறேன். அப்பா குடிக்கலைன்னு எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும். அந்த ஆபீஸர் முன்னாடி."

லோர்ன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். சத்தமாகச் சிரித்துக் கையை நீட்டினார். அடுத்த வாரம் வரும்போது பலகையில் மறுபடி பத்தொன்பது.

ஓர்விக்கில் ஒரே ஒரு தெருதான். தெற்கே நெடுஞ்சாலையிலிருந்து வரும் சாலையே ஊருக்குள் தெருவாகிறது. இரவில் அந்த வழியாக வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது ஆர்டித் வீட்டு வாசல் கம்பத்து விளக்கு. வலது கைப் பக்கம். அந்தக் கம்பத்தடியில் நின்று இடது கைப் பக்கம் திரும்பிச் சாலையைக் கடந்தால் எங்கள் வீட்டுப் படி. பள்ளிக்கூட நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகியிருக்கிறேன். அப்பாவும் கூட நடப்பார். ஆர்டித்தின் விளக்குக்கும் தெற்கே, அதே வலது பக்கத்தில், இன்னொரு கம்பம் உண்டு. அது ஹால்வர்சன் வீட்டு வாசல். வீடு மரங்களுக்குப் பின்னால் உள்ளே தள்ளி இருக்கிறது. கிழவர் செத்து ஆறு வருடமாக அங்கே இருட்டு. கிணற்று மோட்டாருக்காக மின்சாரம் மட்டும் துண்டிக்காமல் வைத்திருந்தார்கள்.

மார்ச்சில் பனி கெட்டியாகி மேலே நடக்க முடிந்தது. அப்பா கிடந்த இடத்தில் போலீஸ் நட்ட ஆரஞ்சுக் கொடி இன்னும் நின்றது. அங்கிருந்து எந்தப் பக்கமாக வந்திருப்பார் என்று பார்க்கப் புறப்பட்டேன். ஓரெஸ்ட் மாமா தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்.

"என்ன பண்றே, கண்ணு?"

"நேரா நடந்து பாக்கறேன்."

"எதுக்கு?"

"அப்பா எப்பவும் நேராத்தான் நடப்பாரு."

அவர் பின்னால் வந்தார். நான் கொடியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நேர் கிழக்காக நடந்தேன். கைப்பேசியில் திசை பார்த்துக்கொண்டேன். கால் எங்கும் விலகவில்லை. வயல் முடிந்தது, வேலி தாண்டினேன், சாலையைக் கடந்தேன். நிமிர்ந்தபோது எதிரே கம்பம். ஹால்வர்சன் வீட்டுக் கம்பம்.

அங்கேயே நின்றேன். இதுதான் ஆர்டித்தின் கம்பம் என்று நினைத்து, கம்பத்தடியிலிருந்து இடது கைப் பக்கம் திரும்பி, சாலையைக் கடந்து, எங்கள் வீட்டுப் படி வரும், இதோ வரும் என்று நடந்திருக்கிறார். எதிர்க்காற்று. கண்ணைத் திறக்க முடியாது. படி வரவில்லை.

"ஓரெஸ்ட் மாமா. அன்னைக்கு இங்க விளக்கு எரிஞ்சுதா?"

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆறு வருஷமா ஆளில்லாத வீடு. இங்க எதுக்கு விளக்கு?"

"அப்பா இந்தக் கம்பத்துலேருந்துதான் திரும்பியிருக்காரு."

"காத்து அடிச்ச அடியில மனுஷன் எங்கேருந்து எங்க வேணா போவான். நேர்க்கோடு கோணக்கோடு எல்லாம் உன் காலேஜ்ல." பிறகு தணிந்த குரலில் சொன்னார். "குளிருது. வா, ஸீனியா பீட்ரூட் சூப் வச்சிருக்கா."

நான் போகவில்லை. அவரும் போகவில்லை. இரண்டு பேரும் கம்பத்தை அண்ணாந்து பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றோம்.

அன்று மாலை ஆர்டித்தின் கதவைத் தட்டினேன். அவளும் அப்பாவும் பேசிப் பதினான்கு வருடம் இருக்கும். காரணம் ஒரு கல். கர்லிங் இறுதி ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த கல்லின் மேல் அவள் துடைப்பம் பட்டுவிட்டது என்றார் அப்பா. படவில்லை என்றாள் அவள். எங்கள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தொட்டவர் தானே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. அவள் தூக்கவில்லை. அதற்குப் பிறகு எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. "செத்தாலும் ஆர்டித் கதவைத் தட்ட மாட்டேன்" என்று அப்பா காப்பி மேசையில் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆர்டித் என்னை உள்ளே உட்காரவைத்தாள். ரொட்டியும் ருபார்ப் ஜாமும் வைத்தாள்.

"உங்க விளக்கு அன்னைக்கு எரிஞ்சுதா, அத்தை?"

"ராத்திரி பூரா எரிஞ்சுது. நான் அணைக்கறதே இல்லையே. உங்கப்பன் வெளிச்சத்தை மட்டும் ஓசியில வாங்கிக்குவான், ஒரு நன்றி சொன்னதில்ல."

"ஹால்வர்சன் வீட்டுல?"

கத்தியால் ஜாமை ரொட்டியின் ஓரம்வரை தடவினாள். ஒரு மூலைகூட விடவில்லை.

"இல்ல" என்றாள்.

நான் எழுந்தேன். கதவுவரை வந்தாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னாள்.

"அந்தக் கல்லு. என் துடைப்பம் பட்டுது. லேசாத்தான். ஆனா பட்டுது."

மேல் பொத்தானையும் போட்டேன்.

"அவன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். "சரி, உன்கிட்டயாவது சொல்லிட்டேன். மனசு லேசாச்சு."

அவளுக்கு ஆகியிருக்கலாம். பொய் சொன்னாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பதினான்கு வருடம் வைத்திருந்த சின்னதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெரியதை உள்ளே வைத்துக்கொண்டாள். ஆனால் எனக்குத் தெரிந்து என்ன ஆகும்? நான் ஒருத்தி. இங்கே ஒன்று நடந்தது என்று ஆக, காப்பி மேசையில் சொல்லப்பட வேண்டும். அங்கே சொல்லப்பட்டது ஒன்றுதான். எஸ்கில் குடித்திருந்தான்.

மார்ச் கடைசி சனிக்கிழமை ஆபீஸர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், நல்ல மனிதராகத் தெரிந்தார். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு மாடி ஏறி வந்தார். கால்விரல் ஒன்று ஓட்டை வழியே தெரிந்தது. அது ஊருக்கு உடனே பிடித்துப்போயிற்று. மேசை நிறையப் பண்டம். பதினெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். ஐஸ் புதிதாகத் தெளித்து மின்னியது.

லோர்ன் வீடுகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆபீஸர் தலையாட்டினார். ஆஸ்ட்ரிட் வீடு என்றபோது ஒருவரும் முகத்தை மாற்றவில்லை. ஹால்வர்சன் வீடு என்றபோது ஓரெஸ்ட் மாமா கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. அதில் காப்பி தீர்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

"பத்தாவது எஸ்கில் வீடு. ஜனவரியில தவறிட்டாரு. இப்ப அவரு பொண்ணு இருக்கா. சிக்னே."

ஆபீஸர் என் பக்கம் திரும்பினார். "அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். நீங்க இங்கதான் இருக்கீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் லோர்னைப் பார்த்தேன். பேசிவைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமினார்.

"எஸ்கில் தங்கமான மனுஷன். எல்லாருக்கும் ஒரு பலவீனம் இருக்கும். அதை வச்சு யாரையும் எடை போடக் கூடாது. அன்னைக்கு அவனுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியாது. அதை நாங்க யாரும் பேசறதில்ல. அவ்வளவுதான் சொல்லுவேன்."

தலைகள் மரியாதையாக ஆடின. ஆர்டித் கைக்குட்டையை எடுத்தாள். குடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். குடித்தான் என்பதை இதைவிட அழகாக யாராலும் சொல்ல முடியாது.

ஆபீஸருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற நினைத்தார் என்று தோன்றுகிறது.

"அன்னைக்கு நானும் வந்திருக்க வேண்டியது, தெரியுமா? பாதி வழியில புயல் பிடிச்சு டவுனுக்கே திரும்பிட்டேன். பாவம், நீங்கல்லாம் காத்துக்கிட்டிருந்தீங்க. போன்ல லோர்ன் சொன்னாரு, ஒரு வீடு விடாம விளக்கு போட்டு வச்சிருக்கோம், தூரத்துலேருந்தே தெரியும், தைரியமா வாங்கன்னு."

லோர்ன் சிரித்தார். அந்தச் சிரிப்பு தனியாக இருந்தது.

எழுந்து நின்றது நினைவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு வீடு விடாமயா?" என்றேன்.

"என்னம்மா?" என்றார் லோர்ன், எப்போதும்போல.

"ஒரு வீடு விடாமயான்னு கேட்டேன். எங்க வீடு இருட்டாத்தான் இருந்துது. நாங்க கணக்குல இருந்தோம், எங்களுக்கு விளக்கு தேவைப்படல. அப்ப எந்த வீட்டுக்குப் போட்டீங்க?"

நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. யாரும் கோப்பையைத் தொடவில்லை. ஆபீஸர் என்னையும் லோர்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேச்சுக்குச் சொல்றதுதான்" என்றார் லோர்ன். "உக்காரு, சிக்னே. உனக்கு இன்னும் மனசு ஆறல. எல்லாருக்கும் புரியுது."

"ஹால்வர்சன் வீட்டுல எரிஞ்சுதா இல்லையா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க. ஒருத்தர் போதும்."

பதினெட்டுப் பேரும் இருந்தார்கள். என்னை வேட்டைக்குக் கூட்டிப்போனவர்கள், எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர்கள், பட்டம் வாங்கிய அன்று இதே மேசையில் கேக் வைத்தவர்கள். ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஐஸைப் பார்த்தார்கள்.

ஸீனியா மடியில் பையை வைத்திருந்தாள். ஓரெஸ்ட் மாமா அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் தரவில்லை. அவர் மெதுவாக அவள் விரல்களை விலக்கிப் பையை எடுத்தார். அதிலிருந்து பாட்டிலை எடுத்து, ஆபீஸருக்கும் கேக்குக்கும் நடுவில் வைத்தார். மூடி அப்படியே இருந்தது.

"ஓரெஸ்ட்" என்றார் லோர்ன். "உக்காருடா."

"இது எஸ்கில் எனக்குக் கொண்டாந்தது. மூணு மாசமா திறக்க முடியல."

"இப்ப எதுக்கு அது? பத்து வீடு சரியா வந்திருக்கு. யோசிச்சுப் பாரு. நாளைக்கு உனக்கு நெஞ்சு வலிச்சா இந்த ரோட்டுல பனி யாரு தள்ளுவா?"

ஓரெஸ்ட் மாமா நின்றுகொண்டே இருந்தார். பெரிய உடம்பு. ஆட்டத்தில் கல்லைத் தொட்டுவிட்டவர் செய்வதுபோல் வலது கையைத் தூக்கினார். தூக்கியது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். என்னைப் பார்க்காமல், அந்த ஆபீஸரைப் பார்த்துச் சொன்னார்.

"எஸ்கில் குடிக்கல. அவன் வர்றான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குக் காட்டறதுக்காக அன்னைக்கு ஹால்வர்சன் வீட்டுக் கம்பத்துல விளக்கு எரிஞ்சுது. நான்தான் போட்டேன்."